வானொலி விளக்கம் கேட்டு சிம்பொனி ரசிக்கப் பழகுதல்: முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாய்மாமாவின் வீட்டில், இரவு எட்டு மணிக்கு மேல் சிற்றலை வானொலி தெளிவாக எடுக்கும். 1980களில் பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த ஓர் இரவு, அயல்நாட்டு நிலையம் ஒன்றிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பியானோவில் நான்கைந்து சுரங்களை மட்டும் வாசிப்பார், நிறுத்துவார், அதே சுரங்களைத் தலைகீழாக வாசிப்பார், பிறகு முழு இசைக்குழுவின் பதிவைப் போட்டு, அந்தச் சுரங்கள் எந்தக் கருவிக்குள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டுவார். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. மெட்டைத் தொடர முடியாமல் தவித்த என்னைப் பார்த்து மாமா சொன்னார்: "பாட்டு எங்க போச்சுன்னு தேடாத கண்ணு, அதுவே திரும்பி வரும். வர்றப்ப உனக்கு அடையாளம் தெரியணும், அவ்வளவுதான்."

முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் நீண்ட படைப்பான சிம்பொனியைக் கேட்கப் பழகுவதற்கு இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. சிம்பொனியை ரசிப்பது பெரும்பகுதி நினைவு வைத்திருக்கும் வேலை. தொடக்கத்தில் கேட்ட ஒரு சிறு மெட்டு பத்து நிமிடம் கழித்து வேறு உடையில் வரும்போது அதை அடையாளம் காண்பவருக்கு அந்த இசை ஒரு கதையைப்போல் விரிகிறது. காணாதவருக்கு அது பெரும் ஓசையாகவே கடந்துபோகிறது. இந்த நினைவைப் பழக்குவதற்கு வானொலி இசை விளக்கம்போல் ஏற்ற துணை வேறில்லை என்பது என் அனுபவம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, சேலத்தில் என்னிடம் "சிம்பொனியை எப்படிக் கேட்பது?" என்று வினவியவர்கள் பலர். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

வானொலி விளக்கம் என்றால் என்ன, அது ஏன் உதவுகிறது

இது புதிய முறையன்று. அமெரிக்காவில் வால்டர் டாம்ராஷ் என்னும் இசை நடத்துநர், 1928 முதல் 1942 வரை என்பிசி வானொலியில் பள்ளி வகுப்பறைகளுக்காக இசை ரசனை நிகழ்ச்சி ஒன்றை வாரந்தோறும் நடத்தினார். பிரிட்டனில் ஆண்டனி ஹாப்கின்ஸ் (திரைப்பட நடிகரல்லர்; அவர் வேறு, இவர் வேறு) 1954இல் பிபிசியில் தொடங்கிய இசைப் பேச்சுகள் சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தன. ஒரே படைப்பின் பல பதிவுகளை ஒருவர் பகுதி பகுதியாகப் போட்டு ஒப்பிட்டுக் காட்டும் நிகழ்ச்சியும் பிபிசியில் பல பத்தாண்டுகளாக உண்டு. நம் ஆகாசவாணிக்கும் இந்த மரபோடு உறவு இருக்கிறது: காலையில் நிலையம் திறக்கும்போது ஒலிக்கும் அந்த வயலின் முகப்பிசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன், நாஜிகளுக்கு அஞ்சி இந்தியா வந்த அவர், பம்பாய் வானொலி நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்தவர்.

காணொளியில் விளக்கங்கள் கொட்டிக் கிடக்கும் காலத்தில் வானொலி எதற்கு என்று கேட்கலாம். காணொளியில் கண் முந்திக்கொள்கிறது. யார் வாசிக்கிறார், நடத்துநர் எப்படிக் கையை வீசுகிறார் என்பதில் கவனம் போய்விடுகிறது. எந்தக் கருவி பேசுகிறது என்பதைப் படம் சொல்லிவிடுவதால் காது அதைக் கண்டுபிடிக்கும் உழைப்பிலிருந்து தப்பிவிடுகிறது. வானொலியிலோ காது ஒன்றே கதி. விளக்குபவரும் அதை அறிந்திருப்பதால், "இப்போது வருவது ஓபோ, அதற்கு அடியில் செல்லோக்கள் முணுமுணுப்பதைக் கவனியுங்கள்" என்று சொல்லால் சுட்டிக்காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். (ஓபோ ஓர் ஊதுகருவி; செல்லோ தாழ்ந்த குரலுள்ள பெரிய வயலின் வகை.)

நம் காதில் ஏற்கெனவே இருப்பவை

தமிழ்க் காது இந்த இசைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார். தீட்சிதரோ, ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்து நோட்டுஸ்வரங்களாக்கினார். அவை எல்லாம் சங்கராபரண சுரங்களில் அமைந்தவை. மேற்கத்திய 'மேஜர்' சுர வரிசையும் நம் சங்கராபரணமும் சுர அளவில் ஒன்றே. இயல்பான 'மைனர்' வரிசை நடபைரவியோடும், 'ஹார்மோனிக் மைனர்' கீரவாணியோடும் பொருந்தும். ராகம் என்பது வெறும் சுர வரிசையன்று, கமகமும் பிடிப்பும் சேர்ந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆனாலும் காதுக்கு முதல் பிடிமானமாக இந்த ஒப்பீடு போதும்.

கருவிகளிலும் அப்படியே. ஓபோவும் பஸ்ஸூனும் நம் நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளியால் ஊதப்படுபவை. ஆகவே ஓபோவின் அந்தக் குறுகிய, மூக்கொலி கலந்த, நெஞ்சைத் தொடும் ஓசையை நாகசுரத்தின் தூரத்து உறவாக வைத்துக்கொண்டால் எத்தனை கருவிகளுக்கு நடுவிலும் பிடித்துவிடலாம். கிளாரினெட்டையும் டிரம்பெட்டையும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது சேலத்து வீதிகளில் வரும் பேண்டு செட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம்.

பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டதால்தான் நான் பல ஆண்டுகள் திணறினேன். நம் கச்சேரியில் தம்புரா ஷட்ஜத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும்; பாட்டு எங்கே போனாலும் வீடு அதே இடத்தில் இருக்கும். சிம்பொனியில் தம்புரா இல்லை. அந்த இசையில் ஷட்ஜமே வீடு மாறுகிறது. சிறிது நேரம் ஒரு சுரம் ஆதாரமாக இருக்கும். பிறகு வேறொரு சுரம் ஆதாரமாகிவிடும். கடைசியில் பழைய வீட்டுக்கே திரும்பும். கிரக பேதம் (ஆதார சுரத்தை மாற்றிப் பாடும் உத்தி) செய்யும்போது நம் வித்வான்கள் சில நொடிகள் காட்டும் அந்த மயக்கத்தையே சிம்பொனி தன் முதுகெலும்பாக வைத்திருக்கிறது. விளக்குபவர் 'கீ மாறுகிறது' என்று சொல்லும்போதெல்லாம் 'ஷட்ஜம் வீடு மாறுகிறது' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கருவியும் நேரமும்

சிறிய டிரான்சிஸ்டரின் ஒலிபெருக்கி டபுள் பாஸ் என்னும் மிகப் பெரிய தந்திக்கருவி எழுப்புவது போன்ற அடித்தள ஓசைகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியும் அப்படித்தான். காதில் பொருத்தும் சாதாரண இயர்போனே இவற்றைவிட மேல். இணையம் வழியாக அயல்நாட்டு நிலையங்களைக் கேட்பவர்கள் நேரக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: லண்டனைவிட நாம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், அவர்களுடைய கோடையில் நான்கரை மணி நேரமும் முந்தியிருக்கிறோம். அங்கே மாலை ஏழரைக்குத் தொடங்கும் இசை நிகழ்ச்சி இங்கே நள்ளிரவிலோ அதற்கும் பின்னரோதான் ஒலிக்கும். ஆகவே பதிவாகக் கிடைக்கும் விளக்கங்களை விடியற்காலையில் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். எனக்கு அஸ்தம்பட்டியில் காலை ஐந்து மணிக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடைப்பட்ட நேரம் வாய்த்தது. பேருந்து ஓசை தொடங்கிய பிறகு மெல்லிய பகுதிகள் காதில் விழுவதில்லை.

ஒலியளவை ஒருமுறை சரிசெய்த பிறகு தொடாதீர்கள். மிக மெல்லிய இடத்தில் கூட்டுவதும் உரத்த இடத்தில் குறைப்பதும் அந்த இசையமைப்பாளர் பார்த்துப் பார்த்து அமைத்த ஏற்ற இறக்கத்தை அழித்துவிடும்.

இரண்டாம் படி: சிறியதில் தொடங்குதல்

நான் தொடங்கியது பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தப் படைப்பை மூன்று மாதம் திரும்பத் திரும்பக் கேட்டும் இறுதியில் பாடகர்கள் வரும் இடத்தைத் தவிர வேறொன்றும் மனத்தில் நிற்கவில்லை. புகழ் பெற்றது என்பதற்காகப் பெரியதை எடுக்காதீர்கள்.

இசையமைப்பாளர் ஹைடன் எழுதிய சிம்பொனிகளில் எண்ணிடப்பட்டவை மட்டும் 104. அவற்றில் 94ஆம் எண்ணுடையதன் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1792இல் லண்டனில் அரங்கேறிய இந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதி ஆறேழு நிமிடம்தான் ஓடும். அதன் மெட்டை யாரும் ஒரே நாளில் பாடிவிடலாம்: ஸஸ கக பப க – மம ரிரி நிநி ப. சரளி வரிசை கற்ற குழந்தைக்குக்கூட எட்டும் எளிமை. வயலின்கள் இதை மெல்ல வாசித்து, மறுமுறை அதைவிட மெல்ல வாசித்து முடிக்கும் கணத்தில் முழு இசைக்குழுவும் டிம்பனி என்னும் பெருமுரசும் சேர்ந்து ஒரே அடியாக அடிக்கும். இந்த அடியால்தான் இதற்கு 'வியப்பு' என்று பெயர் வந்தது. ஆனால் அந்த அடியோடு நின்றுவிடுபவர்கள் இந்தப் பகுதியின் உண்மையான அழகைத் தவறவிடுகிறார்கள். அடுத்து வரும் நான்கு மாற்றுருவங்கள்தாம் பாடம். முதல் மாற்றுருவத்தில் மெட்டு அடியில் இருக்க, முதல் வயலின்கள் அதன்மேல் கோலம் போடுகின்றன. இரண்டாவதில் காந்தாரம் இறங்கி மெட்டு மைனருக்குப் போய் முகம் கறுக்கிறது. மூன்றாவதில் ஓபோ அதை எடுத்து ஒவ்வொரு சுரத்தையும் துரிதமாக அடுக்குகிறது. நான்காவதில் முழுக் குழுவும் முழங்குகிறது.

செய்ய வேண்டியது இது: ஒரு வாரம், நாளுக்கு ஒரு முறை, இந்த ஒரே பகுதியைக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் எந்த விளக்கமும் வேண்டாம். மூன்றாம் நாள் விளக்கத்தைக் கேளுங்கள். நான்காம் நாள் முதல், இசை ஒலிக்கும்போது அடிப்படை மெட்டை மட்டும் வாய்க்குள் சுரமாகப் பாடிக்கொண்டே இருங்கள். இசைக்குழு எந்த அலங்காரம் செய்தாலும் உங்கள் மெட்டு அதோடு பொருந்திப்போவதைக் காண்பீர்கள். நிரவலின்போது சாகித்ய வரியை மனத்துக்குள் பிடித்துக்கொண்டு தாளம் போடுவோமே, அதே பயிற்சிதான்.

மூன்றாம் படி: குறிப்பேடு

குறிப்பேடு இல்லாமல் இந்தப் பழக்கம் நிலைக்காது. பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்தில் நிமிடம், நடுவில் கேட்ட மெட்டு சுரமாக, வலது ஓரத்தில் கருவி. அடையாளம் தெரியாத கருவிக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு, விளக்கத்தில் பெயர் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். உணர்ச்சிகளை எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'சோகம்', 'கம்பீரம்' என்று எழுதிய பக்கங்கள் பின்னாளில் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'நாலரை நிமிடத்தில் ஓபோ தனியாக, மற்றவை எல்லாம் நின்றுவிட்டன' என்று எழுதிய பக்கம் இன்றும் அந்த இடத்தைக் காதில் ஒலிக்கச் செய்கிறது.

நான்காம் படி: ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி

ஒரு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிர் நிறைந்த அரங்கில், சுமார் நான்கு மணி நேரம் நீண்ட நிகழ்ச்சியில் பீத்தோவனின் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் இரண்டும் ஒரே நாளில் அரங்கேறின. ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் உலகமே அறிந்தது: மூன்று குறில், ஒரு நெடில். சுரத்தில் சொன்னால் பபப க, மமம ரி. காந்தாரம் சாதாரண காந்தாரம்; அந்தர காந்தாரத்துக்கு ஓர் அரைச்சுரம் கீழே. இரண்டாம் உலகப்போரின்போது பிபிசியின் ஐரோப்பிய ஒலிபரப்பில் டிம்பனியில் தட்டப்பட்டதும் இந்த லயந்தான்; மோர்ஸ் குறியீட்டில் மூன்று புள்ளி ஒரு கோடு என்பது வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்து.

இதில் பலரும் கவனியாதது ஒன்று. அந்த மூன்று குறில்கள் தாளத்தின் அடியில் விழுவதில்லை. அடி விழும் இடத்தில் சிறு மௌனம் இருக்கிறது. அதைக் கடந்த பிறகே முதல் சுரம் எழுகிறது. நம் கணக்கில் இது சமம் கழிந்து எடுக்கும் அனாகத எடுப்பு. கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே 'பபப க' என்று பாடிப் பாருங்கள். தட்டு முந்தி, பாட்டு பிந்தி வரும்போது அந்த மெட்டுக்குள் இருக்கும் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது உடம்புக்கே புரியும். எந்த விளக்கவுரையும் தராத தெளிவு அது.

இனி அமைப்பு. முதல் பகுதி 502 தாளக்கட்டங்கள் கொண்டது. நான்கு கூறுகளாக, ஏறத்தாழ சம அளவில் நிற்கிறது. முதற்கூறு அறிமுகம்: 124 கட்டங்கள், ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். பபப க என்ற கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே பீத்தோவன் சுவர் எழுப்புகிறார். பிறகு ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் தனியே முழங்கும்: பபப ஸ, ரி, கீழ் ப. லயம் அதே மூன்று குறில் ஒரு நெடிலாகத் தொடங்குகிறது. ஆனால் ஷட்ஜம் வீடு மாறி, மைனர் மேஜராகிவிட்டது. அதைத் தொடர்ந்து வயலின்கள் ஒரு குழைவான மெட்டைப் பாடும்: ப ஸ நி ஸ – ரி த த ப. இங்கே பெரும்பாலோர் மேலே உள்ள இனிமையில் கரைந்துவிடுவார்கள். நீங்கள் அடியில் கேளுங்கள். அம்மாபேட்டைத் தறிக்கூடத்தில் எல்லாத் தறிகளும் ஓடும்போதும், தன் தறியின் ஓசை சற்று மாறினால் நெசவாளியின் தலை திரும்பும். அப்படிப்பட்ட கவனம் இந்த இடத்துக்கு வேண்டும். குழைவான மெட்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அந்தப் பழைய லயத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கின்றன. அது போய்விடவில்லை, காத்திருக்கிறது.

அறிமுகம் முழுவதும் மீண்டும் ஒருமுறை வாசிக்கப்படும். இது வீண் அன்று; ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் கேட்பவர் மெட்டுகளை நினைவில் பதிப்பதற்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு. மூன்றாம் நிமிடத்தை ஒட்டி இரண்டாம் கூறாகிய அலசல் தொடங்குகிறது. ஹார்ன் முழக்கம் இங்கே தேய்கிறது. முதலில் முழு முழக்கம், பிறகு அதிலிருந்து இரண்டு சுரம், பிறகு ஒன்றே ஒன்று. ஊதுகருவிகள் ஒருமுறை, தந்திக்கருவிகள் ஒருமுறை என்று மாறி மாறி மூச்சு விடுவதுபோல் ஒலி அடங்கிக்கொண்டே போகும். தேயத் தேய நீங்கள் எண்ணிக்கொண்டு வாருங்கள். எண்ணத் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் முதுகு சில்லிடும்.

மூன்றாம் கூறு, திரும்புதல். பபப க முழு வலிமையோடு வருகிறது. பழைய வழியிலேயே போகிறது என்று நினைக்கும்போது எல்லாம் நின்று, ஓபோ ஒன்று மட்டும் மெல்ல, தாளக்கட்டு இல்லாமல், ஒரு சிறு ஆலாபனை செய்துவிட்டு அடங்கும். நாலரை நிமிடத்தை ஒட்டி இதை எதிர்பாருங்கள். முதல்முறை கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஏற்காட்டுப் பேருந்தில் இருபது கொண்டைஊசி வளைவுகள் ஏறும்போது வளைவுக்கு வளைவு அதே சேலம் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சிறுத்தும் அகன்றும் தெரிகிறது. மெட்டு திரும்பி வருவதும் அப்படி ஒரு காட்சிதான்.

நான்காம் கூறாகிய முடிப்பு 129 கட்டங்கள். அறிமுகத்தைவிட நீளமான முடிப்பு இது. வழக்கமாகச் சில நொடிகளில் முடியும் வாலைப் பீத்தோவன் இன்னொரு அலசலாக்கிவிட்டார்.

ஐந்தாம் படி: மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குள்

இரண்டாம் பகுதியைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. விளக்கமே தேவைப்படாத அளவுக்கு அது தானாகப் பாடும். மூன்றாம் பகுதியின் முடிவுக்கு வாருங்கள். தந்திக்கருவிகள் அசையாத ஓர் அடிச்சுரத்தைப் பிடித்திருக்க, டிம்பனி மட்டும் மிக மெல்ல அந்தப் பழைய லயத்தைத் தட்டும். சாதாரண வானொலிப் பெட்டியில் இங்கே நிலையம் போய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்கு ஒலி தாழும். ஐம்பது கட்டங்கள் இந்த இருள். பிறகு நிறுத்தமே இல்லாமல், கீரவாணிச் சாயலிலிருந்து சங்கராபரணத்துக்குக் கதவு திறப்பதுபோல், ஸ க ப – மகரிஸ ரி ஸ என்று நான்காம் பகுதி வெடித்துப் புறப்படும். இதுவரை கையில் கருவியோடு சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிராம்போன்கள், பிக்கலோ, கான்ட்ராபஸ்ஸூன் ஆகிய ஊதுகருவிகள் இந்தக் கணத்தில்தான் முதன்முதலாக ஒலிக்கின்றன. இருளையும் ஒளியையும் தனித்தனியே கேட்கக் கூடாது. மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் கேட்டால் மட்டுமே இந்த இடம் கிட்டும்.

நான்காம் பகுதியின் நடுவில் மூன்றாம் பகுதியின் மெட்டு ஒருமுறை நிழல்போல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதை யாரும் சொல்லாமல் நீங்களாகக் கண்டுபிடித்தால், குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: விளக்கம் கேட்கும் முன் நீங்களே விளக்கிப் பார்த்தல்

இரண்டு சிம்பொனிகள் கைவந்த பிறகு வரிசையை மாற்ற வேண்டும். முதலில் இசையைக் கேட்டு, குறிப்பேட்டில் உங்கள் அலசலை எழுதிவிட்டு, அதற்குப் பின்னரே வானொலி விளக்கத்தைக் கேளுங்கள். இதற்கு மோட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனி ஏற்றது. 1788 கோடையில் இரண்டே மாதங்களுக்குள் அவர் முடித்த மூன்று சிம்பொனிகளில் நடுவிலது. மெட்டு தொடங்குவதற்கு முன்னரே, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் அடியில் படபடக்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் தபப தபப தபப க என்று பெருமூச்சுபோல் மெட்டு வரும். தைவதம் சுத்த தைவதம்; பஞ்சமத்துக்கு அடுத்த அரைச்சுரம். அந்த அரைச்சுர இறக்கம் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணுவதே முதல் வேலை.

அடுத்ததாக, செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி. 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. இரண்டாம் பகுதியில் கோர் ஆங்லே என்னும், ஓபோவின் தாழ்ந்த குரல் உடன்பிறப்பு, கப ப – கரிஸ – ரிகபகரி என்று பாடும்போது மோகனத்தின் வாசனை தமிழ்க் காதுக்கு உடனே எட்டும். ஆனால் அதைச் சூழ்ந்துள்ள ஹார்மனி, அதாவது மெட்டோடு சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மோகனத்தில் இல்லாத சுரங்களையும் கொண்டது. தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடிப் பழகியவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். மற்றவர்கள் மெட்டை விட்டுவிட்டு, அதற்கு முன் ஊதுகருவிகள் மெல்ல வாசிக்கும் தொடக்கச் சுரக்கூட்டுகளை மட்டும் பல முறை கேட்க வேண்டும்.

ஏழாம் படி: பதிவுகளை ஒப்பிடுதல்

ஒரே கிருதியை இருவர் பாடிக் கேட்பதில் நமக்குள்ள சுவையே இதிலும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம்: ஃபுர்ட்வெங்லர் 1947இல் பெர்லினில் நடத்தியது, கார்லோஸ் கிளைபர் வியன்னாக் குழுவோடு 1974இல் பதிந்தது, காலத்துக்கேற்ற பழைய வகைக் கருவிகளோடு ஜான் எலியட் கார்டினர் 1990களில் நடத்தியது. முழுவதையும் ஒப்பிட முயலாமல் ஓர் இடத்தை மட்டும் எடுங்கள். திரும்புதல் கூறில் ஹார்ன் முழக்கம் மறுபடி வரும் இடத்தைப் பீத்தோவன் பஸ்ஸூன்களுக்கு எழுதினார். அக்கால ஹார்னால் அந்தச் சுருதியில் அச்சுரங்களை எளிதில் ஊத முடியாததே காரணம் என்று கருதிப் பல நடத்துநர்கள் அதை ஹார்னுக்கே கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பதிவில் எது ஒலிக்கிறது என்று காதாலேயே கண்டுபிடியுங்கள். எனக்குப் பஸ்ஸூன் ஊதுவதே பிடித்திருக்கிறது. முதல்முறை ஊர்கூட்டிச் சொன்னதை இரண்டாம்முறை ஒருவர் தொண்டை கமறச் சொல்வதுபோல் இருக்கிறது.

எட்டாம் படி: மழைநாளில் ஆறாம் சிம்பொனி

இதை மட்டும் மலையில் கேட்க முடிந்தால் நல்லது. ஐப்பசி மாதத்தில் சேர்வராயன் மலைமேல் இடி இறங்கும் மாலைகளில், மாமாவின் வானொலியில் மின்னலுக்கு மின்னல் 'கரக்' என்று ஓர் ஒலி தெறிக்கும். அதற்குச் சில நொடி கழித்தே இடி வந்து சேரும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், மின்சாரம் போய், பேட்டரியில் ஓடும் டேப்பில் பீத்தோவனின் ஆறாம் சிம்பொனியின் நான்காம் பகுதியை முதன்முதலாகக் கேட்டேன். ஐந்து பகுதிகள் கொண்ட இந்தச் சிம்பொனியில் இரண்டாம் பகுதியின் முடிவில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட்டுகள் குக்கூப் பறவையாகவும் கூவும். அவை அழகுதான், ஆயினும் புயல் பகுதியின் கைவேலை வேறு ரகம். செல்லோக்கள் ஒரு தட்டுக்கு ஐந்து சுரமாக உருள, டபுள் பாஸ்கள் அதே தட்டுக்கு நான்கு சுரமாக உருளும். கண்டமும் சதுச்ரமும் ஒன்றோடொன்று மோதுவதால் எந்தச் சுரமும் தெளியாமல் வெறும் உறுமலாகிறது. டிம்பனி இந்தச் சிம்பொனியிலேயே இந்தப் பகுதியில் மட்டும் ஒலிக்கிறது. ஆயினும் தன் இசை ஓவியத்தைவிட உணர்வின் வெளிப்பாடே என்று பீத்தோவன் குறித்து வைத்திருக்கிறார். அதை மனத்தில் கொண்டு இடியோசையைத் தேடாமல், புயல் எப்படி விலகுகிறது என்பதைத் தேடுங்கள்.

அது நிற்பதில்லை, தூரம் போகிறது. டிம்பனி மெலிந்து, உறுமல் அடியில் தங்கி, ஓபோ ஒரு நீண்ட, அமைதியான வரியைப் பாடும். பிறகு புல்லாங்குழல் ஒன்று மட்டும் படிப்படியாக மேலேறும். அந்த ஏற்றத்தின் உச்சியில் கிளாரினெட் இடையரின் பாட்டைத் தொடங்க, தூரத்திலிருந்து ஹார்ன் அதற்கு மறுமொழி சொல்லும். அன்று வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒலியைக் கூட்டாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டுக் கேளுங்கள்.